பழைய மடிக்கணினிக்கு எதை முதலில் மாற்றுவது: ரேமா, எஸ்எஸ்டியா?

மெமரி என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வேறு பொருள்களைக் குறிப்பிட்டுவருகிறோம். செல்போன் பெட்டியின் மேல் ‘8 + 128’ என்று அச்சிட்டிருந்தால், இரண்டுமே ஜிபி, இரண்டுமே மெமரி என்றுதான் கடையில் சொல்வார்கள். ஆனால் போனை அணைத்தால் அந்த 8 துடைத்ததுபோல் காலியாகிவிடும். 128இல் உள்ளவை அப்படியே இருக்கும். கணினியிலும் இதே கதைதான். வேலை நடக்கும் நேரத்தில் மட்டும் தரவை ஏந்தியிருப்பது ரேம். மின்சாரம் போன பிறகும் காத்துவைத்திருப்பவை ஹார்ட் டிஸ்க்கும் எஸ்எஸ்டியும்.

நாம் கடையில் வாங்கும் ரேம், டிரேம் எனப்படும் வகையைச் சேர்ந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டுக்கு 1968இல் காப்புரிமை கிடைத்த அந்த அமைப்பில், ஒரு பிட்டுக்கு, அதாவது 0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கத்துக்கு, ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் போதும். மின்தேக்கியில் தேங்கும் மின்னூட்டம் ஓட்டைக் குடத்து நீர்போலக் கசிந்துகொண்டே இருப்பதால், வழக்கமாக 64 மில்லிவினாடிக்கு ஒருமுறையாவது எல்லா வரிசைகளையும் படித்து மீண்டும் நிரப்பியாக வேண்டும். ரேமின் இன்னொரு வகையான எஸ்ரேமுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதில் ஒரு பிட்டுக்குப் பெரும்பாலும் ஆறு டிரான்சிஸ்டர்கள் இருப்பதால், மின்சாரம் உள்ளவரை தரவு தானாகவே நிலைத்திருக்கும். வேகமும் பல மடங்கு அதிகம். ஆனால் இடத்தை அடைத்துக்கொள்வதும் விலை ஏறுவதும் அதே காரணத்தால்தான் என்பதால், பிராசஸருக்குள்ளேயே கேஷாக, அதாவது அடிக்கடி தேவைப்படும் தரவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கும் இடமாக, சில மெகாபைட் அளவில் அதை வைத்துவிடுகிறார்கள். அதைத் தனியாக வாங்கிச் சேர்க்க வழியில்லை. கணினியை எழுப்பும் தொடக்க நிரலான பயாஸ் குடியிருக்கும் ரோமும் (படிக்க மட்டுமான நினைவகம்) அவ்வாறே நம் தேர்வுக்கு வெளியே உள்ளது. இன்று அது அழித்து எழுதக்கூடிய ஃபிளாஷ் சில்லுதான், பெயர் மட்டும் பழையது.

உண்மையான போட்டி ஹார்ட் டிஸ்க்குக்கும் எஸ்எஸ்டிக்கும் இடையில்தான். ஹார்ட் டிஸ்க்கில் நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டில், வேண்டிய இடம் தரவைப் படிக்கும் முனைக்குக் கீழே வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 5.6 மில்லிவினாடி, காத்திருக்க வேண்டும். முனை நகர்ந்து சேரும் நேரம் தனி. எஸ்எஸ்டியில் நகரும் உறுப்பே இல்லை. தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகத்தின் நேண்ட் வகையே அதில் உள்ளது. ரேமிலிருந்து தரவு வர ஒரு வினாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், எஸ்எஸ்டிக்கு ஏறத்தாழக் கால் மணி நேரமும், ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகும். இந்த விகிதத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

எங்கள் வீட்டு மடிக்கணினியில் 4 ஜிபி ரேமும் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. பொத்தானை அழுத்திவிட்டு அடுக்களைக்குப் போய்க் காப்பி கலந்து எடுத்துவந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். எது எவ்வளவு பயன்படுகிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தபோது மெமரி 70 சதவீதத்தைத் தாண்டவில்லை, டிஸ்க் மட்டும் 100இல் நின்றது. ரேமை 8 ஆக்கினால் போதும் என்று பலரும் சொன்னார்கள். நான் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதே சாட்டா இணைப்பில் எஸ்எஸ்டியைப் பொருத்தினேன், காப்பி கலக்கும் அவகாசம் போய்விட்டது. கணினி எழும் நேரத்தில் ரேம் காலியாகத்தான் இருக்கும், எல்லாவற்றையும் டிஸ்க்கிலிருந்தே எடுத்தாக வேண்டும் என்பதால், ரேமைக் கூட்டினால் அந்தத் தாமதம் தீராது. மாறாக, ரேம் நிரம்பும்போது விண்டோஸ் மிகுதியை டிஸ்க்கில் ஒதுக்கிவைப்பதால், அந்த இடம் எஸ்எஸ்டியாக இருந்தால் ரேம் பற்றாக்குறையும் ஓரளவு தாங்கக்கூடியதாகிவிடும். ஏற்கெனவே எஸ்எஸ்டி உள்ள கணினியில் 4 ஜிபி மட்டுமே இருந்தால் அப்போது ரேமுக்கே முதலிடம். 8 ஜிபியை 16 ஆக்குவது, காணொளித் தொகுப்பில் ஈடுபடுவோருக்கும் பிரவுசரில் முப்பது பக்கங்களைத் திறந்தே வைத்திருப்போருக்கும் பயன்படும். கடிதம் தட்டச்சு செய்வோருக்கு வீண்செலவு.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை நான் எறியவில்லை. ஒரு ஜிபிக்கு ஆகும் செலவில் இன்றும் அதுவே மலிவு. குடும்பப் படங்களின் இரண்டாம் பிரதி அதில்தான் இருக்கிறது. எஸ்எஸ்டியில் தரவைத் தாங்கும் செல்கள் எழுத எழுதத் தேய்பவை. மின்சாரமே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் போட்டுவைத்தால் மின்னூட்டம் கசிந்து தரவு கெடவும் வாய்ப்புண்டு.

ரேம் வாங்கப் போகிறவர்கள் பழைய பலகையைக் கையோடு எடுத்துச்செல்வது நல்லது. ரேமில் டிடிஆர்3, டிடிஆர்4 என்று தலைமுறைகள் உண்டு. மடிக்கணினிக்கான டிடிஆர்3 பலகையில் 204 ஊசிகளும், டிடிஆர்4இல் 260 ஊசிகளும் இருக்கும். அடிவிளிம்பில் உள்ள வெட்டும் இடம் மாறியிருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேமைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள் என்பதால், பணம் கொடுப்பதற்கு முன் பின்மூடியைத் திறந்து காலியான ஸ்லாட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.