'போட்டேனா, போடலையா?' ஏழு நாள் மாத்திரைப் பெட்டிக்கு ஒரு மதிப்பீடு

தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே விதமாகச் செய்யும் வேலையை மனம் தனித்தனியாகக் குறித்து வைப்பதில்லை. காலை மாத்திரையை விழுங்கி அரை மணி நேரம் கழித்து "போட்டேனா?" என்று யோசித்தால், மனத்தில் எழும் காட்சி இன்றையதா நேற்றையதா என்று தெரியாது. சந்தேகத்தில் இன்னொன்றைப் போட்டால் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ தாறுமாறாக இறங்கலாம். போடாமல் விட்டால் ஒரு வேளை மருந்து போச்சு. ஒவ்வொரு வேளைக்கும் தனி அறை உள்ள ஏழு நாள் மாத்திரைப் பெட்டி இந்தக் குழப்பத்துக்கான மருந்து. அறை காலி என்றால் போட்டாயிற்று, நிறைந்திருந்தால் போடவில்லை.

நேரம் வந்ததும் கூப்பிட்டுச் சொல்ல அதற்கு வாய் கிடையாது. அதை எதிர்பார்த்து வாங்குபவர்கள்தான் ஒரு மாதத்தில் அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். "பல் துலக்கி முடித்ததும் காலை அறையைத் திறப்பேன்" என்று ஏற்கெனவே உள்ள பழக்கத்தோடு முடிச்சுப் போட வேண்டும். 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்ற வடிவில் முன்கூட்டியே தீர்மானித்தால் மறதி குறையும் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் விரிவாக ஆராய்ந்து 1999-இல் எழுதியிருக்கிறார். வெறுமனே 'காலையில் போடணும்' என்பது போதாது, காலை நீளமானது. பெட்டியும் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். ஆனால் குளியலறையில் வேண்டாம், அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம். ஈரமும் சூடும் மாத்திரைக்கு எதிரி.

வகைகளில் நாங்கள் பரிந்துரைப்பது காலை, இரவு என இரண்டு வரிசையாக 14 அறை உள்ள பெட்டி. ஒரு வேளை மட்டும் மருந்து என்றால் 7 அறை போதும். நான்கு வேளை, 28 அறைப் பெட்டி மருந்து அதிகம் உள்ளவர்களுக்குச் சரி. ஆனால் அறைகள் சிறுத்துவிடும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் 1000 மி.கி. போன்ற நீள மாத்திரை ஏறக்குறைய 2 செ.மீ. இருக்கும். அது படுக்க இடமில்லாத அறையில் மூடி முழுசாக அழுந்தாது. பையில் போட்டதும் திறந்துகொள்ளும்.

கடையிலேயே மூடியைச் சோதித்துவிடுங்கள். எல்லா அறையையும் மூடித் தலைகீழாகக் குலுக்குங்கள். பிறகு ஒரே விரலால் ஒரு மூடியைத் திறந்து, பக்கத்து மூடி கூடவே எழுகிறதா என்று பாருங்கள். மலிவான பெட்டிகள் தோற்பது இந்த இரண்டாவது சோதனையில்தான்: செவ்வாயைத் திறக்கப் போய்ப் புதனும் சிதறும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு பொத்தானை அழுத்தினால் திறக்கும் வகை நல்லது. ஆனால் சுலபமாகத் திறப்பது குழந்தைக்கும் சுலபம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கைக்கெட்டாத உயரம் கட்டாயம். கீல் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்காக இருந்தால் மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தாலும் தாங்கும். கண்ணாடி போலத் தெளிவாக, விறைப்பாக இருக்கும் பாலிஸ்டைரின் சீக்கிரம் விரிசல் விடும். மூடி லேசாக மங்கலாக இருந்தாலே போதும், அறை காலியா என்று தெரியும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் நிஃபெடிபின் போன்ற சில மருந்துகளுக்கு வெளிச்சமே ஆகாது.

ஆங்கில முதலெழுத்து அச்சிட்ட பெட்டிகளில் இரண்டு எஸ், இரண்டு டி வரும். தமிழில் அந்தத் தொல்லையே இல்லை: ஞா, தி, செ, பு, வி, வெ, ச. ஏழும் வேறுவேறு. அழியாத மையால் எழுதி மேலே ஒளிபுகும் டேப் ஒட்டிவிடுங்கள். வியும் வெயும் அடுத்தடுத்து வருவதால், பார்வை மங்கியவர்களுக்கு வெள்ளியை மட்டும் வேறு நிறத்தில் எழுதலாம்.

தவறுகள் பெரும்பாலும் நடப்பது நிரப்பும்போது. வாரக் கடைசி நாளான சனிக்கிழமை, இரவு மாத்திரையைப் போட்ட பிறகு உட்காருங்கள். அப்போதுதான் 14 அறையும் காலியாக இருக்கும். புதன்கிழமை நிரப்பினால் ஞாயிறு முதல் செவ்வாய் வரை உள்ள அறைகள் அடுத்த வாரத்துக்காக நிறைந்திருக்கும். 'நிறைந்திருந்தால் போடவில்லை' என்ற கணக்கே குலைந்துபோகும்.

மருந்துச் சீட்டைப் பக்கத்தில் விரித்து, ஒரு நேரத்தில் ஒரு மருந்தை மட்டும் எடுங்கள். முதலில் வாரத்துக்கான எண்ணிக்கையைத் தனியே ஒரு தட்டில் பிரியுங்கள்: ஒரு வேளை மருந்து 7, இரு வேளை மருந்து 14. பிறகு அறைகளில் போடுங்கள். தட்டில் ஒன்று மிஞ்சினாலோ குறைந்தாலோ ஏதோ ஓர் அறையில் பிழை, அங்கேயே பிடித்துவிடலாம். எல்லாம் முடிந்ததும் ஒரு முறை எண்ணுங்கள். இரண்டு மருந்து இரு வேளையும், மூன்று மருந்து இரவு மட்டும் என்றால் காலை அறையில் 2, இரவு அறையில் 5, மொத்தம் 49. மாத்திரை அட்டையில் மிச்சமிருப்பது அடுத்த வாரத்துக்குப் பற்றாவிட்டால் மறுநாளே வாங்கிவிடுங்கள். பேச்சும் தொலைபேசியும் இந்தக் கால் மணி நேரத்துக்கு வேண்டாம்.

அட்டையைக் கத்தரித்துத் துண்டுதுண்டாக அறையில் போடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. இதை நிறுத்தியே ஆக வேண்டும். தூக்கக் கலக்கத்தில் உறையோடு விழுங்கினால் அதன் கூர்முனை உணவுக்குழாயைக் கிழிக்கும். உறையில்தான் இருக்க வேண்டிய மருந்து என்றால் அது பெட்டிக்கே வரக்கூடாது.

அப்படிப்பட்டவை சில உண்டு. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் தன் கண்ணாடிப் புட்டியை விட்டு வெளியே வந்தால் வீரியம் இழக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் டாபிகாட்ரான் ஈரம் பட்டால் சிதையும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மாத்திரைகள், வலிப்பு நோய்க்கான வால்புரோயேட் ஆகியவையும் அப்படியே. புது மருந்து எழுதித் தரும்போதெல்லாம் "இதைப் பெட்டியில் போடலாமா?" என்று மருந்தாளுநரைக் கேட்பது நல்லது. வலி வந்தால் மட்டும் போடும் மாத்திரைக்கும் பெட்டியில் இடமில்லை.

வாரத்துக்கு ஒருமுறை மருந்துதான் உண்மையில் பயப்பட வேண்டியது. மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட்டைத் தவறுதலாகத் தினமும் போட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. அதைச் சரியாக நிரப்பியிருக்கிறதா என்று இன்னொருவரும் சரிபார்க்க வேண்டும்; ஒரே ஒரு நாளின் அறையில் மட்டும் போட்டு, அந்த மூடியில் சிவப்பு ஒட்டுத்தாள் வையுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கான அலெண்ட்ரோனேட்டும் வாரம் ஒருமுறை வகை உண்டு. அது வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போட்டு, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டியது. மற்ற காலை மாத்திரைகளோடு ஒரே அறையில் கிடந்தால் எல்லாம் சேர்ந்தே வாய்க்குள் போகும். தைராய்டு மாத்திரையும் இப்படித்தான். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. ஆகவே தைராய்டு காலை அறையிலும் கால்சியம் இரவு அறையிலும் இருக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பெட்டிக்குள் போனதும் மாத்திரை தன் பெயரை இழக்கிறது. வெள்ளையாக வட்டமாக எத்தனையோ உண்டு. மருந்தின் பெயர், மி.கி., வேளை, அடையாளம், ஒரு வேளை தவறினால் என்ன செய்வது என்ற மருத்துவரின் பதில், இவ்வளவையும் சிறு தாளில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டுங்கள். அவசர சிகிச்சைக்குப் போக நேர்ந்தால் இந்தத் தாள் உதவும்.

அலாரம் அடிக்கும் பெட்டிகளுக்கு எங்கள் மதிப்பு நடுத்தரம்தான். பெரும்பாலானவற்றுக்கு மணியை நிறுத்தியது தெரியும், மாத்திரை விழுங்கியது தெரியாது. வாங்கினால் ஒரே விதி: மாத்திரை வாய்க்குள் போகும்வரை மணியை நிறுத்தாதீர்கள். நோயால் நினைவாற்றல் குறைந்தவர்களுக்குச் சாதாரணப் பெட்டி பாதுகாப்பானதல்ல. வெள்ளியின் அறையை வியாழனிலேயே திறந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பூட்டோடு சுழன்று, அந்த வேளை அறையை மட்டும் திறக்கும் இயந்திரம் வேண்டும், அதை நிரப்ப இன்னொரு ஆளும் வேண்டும்.

வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் ஓர் இரவு முழுக்கக் காயவிடுங்கள். மூலையில் ஒரு சொட்டு நின்றாலும் மாத்திரை ஊறும். அதற்காகவே பெட்டியை இரண்டாக வாங்குவது நல்லது: ஒன்று காயும்போது மற்றொன்றை நிரப்பலாம்.