ஏழாம் இலக்கம் எட்டாம் இலக்கம் ஆனபோது: வேர்டு கிராஸ் ரெஃபரன்ஸ், ஆறு வருட அனுபவம்

பாளையங்கோட்டையில் பத்திரங்களுக்கு டைப் அடித்துக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. கிரயம், பாகப்பிரிவினை, வாடகை ஒப்பந்தம்தான் அன்றாட வேலை. இடையிடையே அபிஷேகப்பட்டியிலிருந்து பல்கலைக்கழக மாணவர்கள் ஆய்வேட்டோடு வருவார்கள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு பாகப்பிரிவினை வந்தது. அண்ணன் தம்பி மூன்று பேர், சொத்து 22 இலக்கம், அதாவது வரிசை எண் போட்ட 22 சொத்து. பாளையங்கால் பாசனத்தில் நஞ்சை, ஊருக்குள் மனை, தொழுவம், கிணறு எல்லாம் உண்டு. கையெழுத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், விட்டுப்போன தென்னந்தோப்பு ஒன்றை மூன்றாம் இலக்கமாகச் சேர்க்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகுள்ள எல்லா இலக்கமும் ஒன்று தள்ளிப்போயிற்று. யார் பங்குக்கு எந்த இலக்கம் என்று வரும் இடங்களையெல்லாம் கையால் மாற்றினேன். மறுநாள் காலையில் நகலைப் படித்த இளையவர் கேட்டார்: “அண்ணாச்சி, ஏழாம் இலக்கம் கெணறுல்லா? இதுல தொழுவம்லா வருது.” ஒரே ஒரு இடம் என் கண்ணுக்குத் தப்பியிருந்தது. பதிவான பிறகு தெரிந்திருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் எழுதி, மூன்று பேரும் மறுபடி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்திருக்க வேண்டும். அன்றைக்கு ராத்திரியே மைக்ரோசாஃப்ட் வேர்டில் கிராஸ் ரெஃபரன்ஸ் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். ஓரிடத்தில் உள்ள எண்ணை இன்னோரிடத்தில் கையால் அடிக்காமல், அதோடு இணைத்து வைக்கும் வசதி அது.

முதலில் சொத்து விவரத்துக்குத் தானியங்கி எண் போட வேண்டும். எண்ணைக் கையால் அடித்தால் கிராஸ் ரெஃபரன்ஸ் பட்டியலில் அந்தச் சொத்து வராது. பிறகு பங்கு விவரத்தில் எண் வர வேண்டிய இடத்தில் ரெஃபரன்சஸ் டேபுக்குப் போய், கிராஸ் ரெஃபரன்ஸில் ‘நம்பர்டு ஐட்டம்’ எடுத்து, ‘பாராகிராஃப் நம்பர்’ கொடுத்தால் போதும். இடையில் எது புகுந்தாலும் கண்ட்ரோல் + ஏ, அப்புறம் எஃப்9. எண்கள் தாமாக மாறிவிடும். எஃப்9 அடிக்காத வரை பழைய எண்தான் நிற்கும், இதை மறக்கவே கூடாது. ஆப்ஷன்ஸில், டிஸ்பிளே பகுதியில், அச்சிடும் முன் ஃபீல்டுகளை, அதாவது வேர்டு தானாக நிரப்பும் இந்த இடங்களை, புதுப்பிக்கும் டிக் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டு வைத்திருக்கிறேன்.

எனக்கு அதிக நாள் பிடித்தது தமிழ் வேற்றுமை உருபுதான். எண்ணைப் போலவே பெயரையும் ஃபீல்டால் கொண்டுவரலாம். ஃபீல்டு ‘முருகன்’ என்று கொண்டுவரும். ‘முருகனை’ என்று அதனால் மாற முடியாது. நம் பத்திர நடையே இதற்கு வழி வைத்திருக்கிறது: ‘முருகன் என்பவரை’, ‘முருகன் என்பவருக்கு’. பெயர் அப்படியே நிற்கும், உருபு ‘என்பவர்’ மேல் ஏறும். பழைய எழுத்தர்களின் அந்த நடை கம்ப்யூட்டருக்கு இவ்வளவு பொருந்தியது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆய்வேட்டில் ‘அட்டவணை 3-இல்’ என்று எண்ணுக்குப் பின்னால் சேர்க்கிறேன். அந்த ‘-இல்’ ஃபீல்டுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே அடித்தால் அடுத்த எஃப்9-இல் காணாமல் போகும். இதற்காகவே ஃபீல்டு ஷேடிங்கை ‘ஆல்வேஸ்’ என்று வைத்திருக்கிறேன். சாம்பல் நிறம் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

வாடகை ஒப்பந்தத்துக்குப் படிவமே செய்துவிட்டேன். பழைய வகை டெக்ஸ்ட் ஃபார்ம் ஃபீல்டு (நிரப்புவதற்கான கட்டம்) ஒன்றில் வாடகைதாரர் பெயர். அதன் ப்ராப்பர்ட்டீஸில் புக்மார்க் (அந்த இடத்துக்கான அடையாளம்) பெயர் கொடுத்து, ‘கால்குலேட் ஆன் எக்ஸிட்’ டிக் போட்டு, மற்ற இடங்களில் அந்த புக்மார்க்கில் இருப்பதைக் காட்டும் ரெஃப் ஃபீல்டு. ஆவணத்தைப் படிவம் நிரப்ப மட்டும் என்று பூட்டிவிட்டால், பெயரை ஒருமுறை அடித்து டேப் தட்டியதும் எல்லா இடத்திலும் வந்துவிடும். கடையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கும் ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிட்டது.

தொந்தரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு சொத்தை இடம் மாற்றும்போது காப்பி செய்து ஒட்டிவிட்டுப் பழையதை அழித்தால், கிராஸ் ரெஃபரன்ஸுக்காக வேர்டு தானே வைத்த மறைவான புக்மார்க் பழையதோடு போய்விடும். எஃப்9 அடித்ததும் ‘எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்’ என்று வரும். முழுப் பத்தியையும் கட் செய்து ஒட்டினால் புக்மார்க் கூடவே வரும். பழைய ஃபைல்களில் பாமினி மாதிரி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த எழுத்துரு இருந்தால் இன்னொரு சங்கடம்: ஃபீல்டு வேறு எழுத்துருவுக்கு மாறினால் பெயர் இருக்கும் இடத்தில் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும். அதனால் யூனிகோடுக்கு மாற்றாமல் நான் ஃபீல்டு வைப்பதே இல்லை. தமிழக அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இன்னமும் பழைய எழுத்துருவில் ஃபைல் வரத்தான் செய்கிறது.

இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸிலும் இதே வேலை நடக்கும். இன்சர்ட் மெனுவில் கிராஸ் ரெஃபரன்ஸ் இருக்கிறது, புதுப்பிக்க அங்கேயும் எஃப்9தான். பணம் கொடுத்து மென்பொருள் வாங்க முடியாத மாணவர்களுக்கு அதையே சொல்கிறேன்.

வெளியே கொடுக்கும் ஃபைலை மட்டும் தனி நகலாக எடுத்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப்9 அடித்து ஃபீல்டுகளை வெறும் எழுத்தாக்கிவிடுகிறேன். மூலம் என்னிடம் உயிரோடு இருக்கும். அதற்குப் பிறகும் அச்சடித்து, ஒருவர் இலக்கத்தை வாசிக்க இன்னொருவர் நான்கெல்லையில் விரல் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை விடவில்லை. 22 இலக்கத்துக்குக் கால் மணி நேரம் ஆகும்.