அரவிந்த் இலவசக் கண் முகாமில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

எங்கள் ஊர்ப் பள்ளியில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்திய முகாமுக்கு இந்த முறை தொண்டராகப் போயிருந்தேன். 1976-இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது.

பெயர்ப்பதிவு, பார்வைச் சோதனை, கண் அழுத்தம், சர்க்கரை, கடைசியில் டாக்டர் என்று வரிசை நிற்காமல் நகர்ந்தது. கண்புரை இருந்தவர்களை அன்றே பேருந்தில் அழைத்துப் போனார்கள். அறுவை சிகிச்சை, உள்விழி லென்ஸ், தங்குமிடம், சாப்பாடு, திரும்பக் கொண்டுவந்து விடுவது எல்லாம் இலவசம். அந்த லென்ஸை 1992 முதல் மதுரையில் அவர்களுடைய ஆரோலேப் நிறுவனமே தயாரிக்கிறது. விலை குறைந்ததற்கு அது பெரிய காரணம்.

என் வேலை பெரியவர்களைக் கைப்பிடித்து மேசைக்கு மேசை கூட்டிப்போவது. ஒரு பாட்டி பேருந்தில் ஏற மாட்டேன் என்று அழுதார். "ஆட்டை யார் பாத்துக்குவா?" என்பதுதான் அவருடைய பயம். பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பிறகே ஏறினார். நான்காம் நாள் ஊர் திரும்பியவர், என் சட்டையின் நிறத்தைச் சொல்லிச் சிரித்தார். அதை மறக்கவே முடியாது.

நோட்டீஸ், ஆட்டோவில் மைக், பந்தல், டீ எல்லாம் உள்ளூர்க்காரர்கள் செலவு. நான் 2,000 ரூபாய் கொடுத்தேன். ஆனால் பணத்தைவிட ஆள்தான் போதவில்லை. தண்ணீர் கொடுக்கவே இரண்டு பேர்தான் இருந்தோம். அடுத்த முகாமுக்கு ஒரு ஞாயிறு காலையை ஒதுக்குங்கள். முடிந்தால் பந்தல் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.