குளிர்கால முட்டைக்கு எந்த மாதக் குஞ்சு?

டிசம்பரில் முட்டை நின்றுபோனால் எல்லோரும் குளிரைத்தான் திட்டுவார்கள். குளிரைவிடப் பெரிய காரணம் பகல் சுருங்குவது. கோழி நன்றாக முட்டையிட நாளுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். போதாக்குறைக்கு, ஒரு வயது தாண்டிய கோழிகள் இலையுதிர் காலத்தில் இறகு உதிர்த்து இரண்டு மூன்று மாதம் ஓய்வெடுக்கும். ஆக, குளிர்கால முட்டைக்கு நம்பக்கூடியது அந்த ஆண்டு பொரித்த விடைக்கோழிதான், அதாவது இளம் பெட்டை. அதை எந்த மாதம் பொரிக்க வைப்பது என்பதில்தான் கேள்வி. கீழே உள்ள மாதங்கள் வட அரைக்கோளத்துக்கானவை. தெற்கே ஆறு மாதம் தள்ளிக்கொள்ளுங்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் பகல் பெரிதாக மாறாது, அங்கே இந்தக் கணக்கே வேண்டாம்.

ஜனவரி, பிப்ரவரியில் பொரித்த குஞ்சு பகல் நீள நீள வளர்கிறது. அதனால் சீக்கிரமே பருவத்துக்கு வந்து ஜூன், ஜூலையில் முட்டையிடத் தொடங்கிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முட்டை சிறிதாக இருக்கும். அக்டோபர் வாக்கில் கழுத்து இறகை உதிர்த்துக்கொண்டு பல கோழிகள் நின்றுவிடும், அதுவும் நமக்குத் தேவைப்படுகிற நேரத்தில். முதல் வாரம் புரூடரில் (குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் பெட்டி) 35 டிகிரி சூடு வேண்டும்; கடுங்குளிரில் அதற்கான மின்செலவு தனி.

ஜூன், ஜூலைக் குஞ்சுகளை வளர்ப்பது சுலபம், வெயிலே பாதி வேலையைப் பார்த்துவிடும். அவ்வளவுதான் லாபம். அவை பருவத்துக்கு வரும் நவம்பர், டிசம்பரில் பகல் மிகக் குட்டையாக இருக்கும். கொண்டை சிவக்காமல், தீனியை மட்டும் தின்றுகொண்டு நிற்கும். பல கோழிகள் பிப்ரவரியில் பகல் நீண்ட பிறகே முதல் முட்டையிடும்.

என் ஓட்டு மார்ச், ஏப்ரலுக்குத்தான். பகல் ரொம்பச் சுருங்குவதற்குள், செப்டம்பரில் முட்டை தொடங்கிவிட வேண்டும். ஒருமுறை தொடங்கிய விடைக்கோழி, முதல் இலையுதிர் காலத்தில் பெரும்பாலும் இறகு உதிர்க்காமல் குளிர்காலத்தைத் தாண்டிவிடும், வேகம் கொஞ்சம் குறைந்தாலும். இனத்தைப் பார்த்துப் பின்னோக்கி எண்ணுங்கள். எடை குறைந்த முட்டை இனங்கள் சுமார் 20 வாரத்தில் இடும், அவற்றுக்கு ஏப்ரல் நடு சரி. கனத்த உடம்புள்ள இனங்கள் 24 வாரம், சில சமயம் அதற்கு மேலும் எடுக்கும். அவை மார்ச்சிலேயே பொரித்திருக்க வேண்டும். அடைகாலம் 21 நாள், எனவே ஏப்ரல் 15-க்குக் குஞ்சு வேண்டுமானால் மார்ச் 25-ல் முட்டை வைக்க வேண்டும். பாதி சேவலாகப் போகும் என்பதால் தேவையான பெட்டைகளைப்போல் இரு மடங்கு குஞ்சுக்குத் திட்டமிடுங்கள். அடைக்கோழியை நம்பினால் தேதி அதன் இஷ்டம். மார்ச் குஞ்சுக்கு இன்குபேட்டர்தான் கைகொடுக்கும்.

ஒரே ஆண்டில் மொத்தக் கூட்டத்தையும் புதிதாக்கினால் அதற்கு அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் எல்லாமே சேர்ந்து இறகு உதிர்க்கும். ஆண்டுதோறும் வசந்தத்தில் பாதியை மாற்றுவதே சீரான வரவுக்கு வழி.

தேதி தவறிப்போனவர்களுக்கு விளக்கு இருக்கிறது. கூட்டில் பகலோடு சேர்த்து 14 மணி நேரம் வரும்படி ஒரு சிறு பல்பைப் போடுங்கள், மாலையில் அல்ல, விடியலுக்கு முன்னால். மாலையில் சட்டென்று அணைந்தால் கோழிகள் இருட்டில் ஏறுகழியைத் தேடித் தடுமாறும். தொடங்கினால் வசந்தம் வரை விடக்கூடாது. நடுக்குளிரில் விளக்கு நின்றால் முட்டையும் நின்று, இறகு உதிர்வது வரை போகலாம். வளரும் குஞ்சுகளுக்கு மட்டும் இந்தக் கூடுதல் வெளிச்சம் வேண்டாம், உடம்பு தேறுமுன்பே முட்டைக்கு வந்துவிடும்.