மிரர் நடுக்கத்துக்குக் கோன் செட் மாற்றச் சொன்னால் வண்டியைத் திருப்புங்கள்

ஒருவரின் பைக், யமஹா எஃப்இசட் வி2. 60 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருவது பஸ்ஸா லாரியா என்றே மிரரில் தெரியவில்லை. ஆக்சஸரீஸ் கடையில் விட்டதற்கு வந்த பில்: புது மிரர் ஜோடி, ‘வைப்ரேஷன் ரப்பர்’, அலுமினிய பார் எண்ட் (ஹேண்டில்பார் முனையில் மாட்டும் எடை), கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங்). நடுக்கம் முன்பைவிடக் கூடிவிட்டது. வலப்பக்க மிரர் ஏறும் மரையும் போனது.

முதலில் அந்த மரை. இந்த வண்டியில் வலது மிரர் இடது மரை, அதாவது கழற்றும் திசையில் சுற்றினால்தான் ஏறும். கடைக்காரர் சாதாரண மரை மிரரை ஸ்பேனர் போட்டு அழுத்தி ஏற்றியிருக்கிறார். பிரேக் பக்கத்தில் மிரர் ஏறும் தாங்கி அலுமினியம், மிரரின் கம்பி இரும்பு. மரை உருண்டது அலுமினியத்தில். இரண்டு சுற்று கையாலேயே ஏறாவிட்டால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். இடது மரைக்குத் தனி அடாப்டர் கிடைக்கிறது.

நடுக்கம் கூடியதற்குக் காரணம் பார் எண்ட். கம்பெனி பார் எண்ட் கனமானது, அதிர்வை அடக்கவே வைத்தது. அதை எடுத்துவிட்டு லேசான அலுமினியத்தைப் போட்டால் ஹேண்டில்பார் முழுக்க ஆடும். நட்டுக்கு அடியில் வைத்த தடித்த ரப்பரும் கெடுதல்தான்: ரப்பர் அமுங்க அமுங்க நட் இறுக்கம் இழக்கும், சில நாளில் மிரர் தானாகத் திரும்பிக்கொள்ளும். கோன் செட்டுக்கு இதில் வேலையே இல்லை. அது தேய்ந்தால் முன் பிரேக் பிடிக்கும்போது ‘டக்’ என்று அடிக்கும், மிரர் மங்காது.

சோதனைக்குப் பணமே வேண்டாம். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்சிலரேட்டரைத் திருகி, மங்கும் ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) பிடியுங்கள். மிரரின் முதுகை விரலால் தொடுங்கள். படம் தெளிந்தால் கோளாறு கம்பியிலும் அதன் நட்டிலும். தெளியாமல் கைப்பிடியும் குறுகுறுத்தால் இன்ஜினை ஃப்ரேமில் பிடிக்கும் மவுண்ட் போல்ட், ஹேண்டில் கிளாம்ப் போல்ட், பார் எண்ட் மூன்றையும் பாருங்கள். நட்டை இறுக்கும்போது கம்பியை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து சுற்றும்.

எல்லாம் இறுக்கமாக இருந்தும் ஒரே ஒரு ஆர்பிஎம்மில் மட்டும் மங்கினால் அது ஒத்ததிர்வு. 5,000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 83 குலுக்கல். மிரரின் இயல்பான ஆட்டமும் அதற்குப் பக்கத்தில் விழுகிறது. அதை விலக்க எடை கூட்டுங்கள். வீல் பேலன்சிங் கடையில் கிடைக்கும் ஒட்டும் எடையை 5 கிராம் துண்டுகளாக மிரரின் முதுகில் ஒட்டி, 20, 30 கிராம் வரை ஏற்றிப் பாருங்கள். மங்கல் கீழ் ஆர்பிஎம்முக்கு இறங்கும். நீங்கள் நெடுநேரம் ஓட்டாத வேகத்துக்கு அது இறங்கினால் போதும். மலிவு மிரரின் தகரக் கம்பிக்கு இதுவும் உதவாது.

மரை போன தாங்கிக்குள் எம்-சீல் அடைத்துத் தருகிறேன் என்பார்கள். விடாதீர்கள், ஓட்டத்தில் மிரர் கழன்று விழும். தாங்கியை மாற்றச் சொல்லுங்கள், பழைய பார் எண்டையும் கேட்டு வாங்குங்கள்.