போன் வாசிக்க, நான் கேட்க: பள்ளத்தூரில் ஆறு வருடம்

2019 தீபாவளிக்குப் பிறகு என்னால் போன் திரையைப் படிக்க முடியவில்லை. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும் நோய். சின்ன வயதில் அந்தி சாய்ந்தால் தடுமாறுவேன். அப்புறம் பக்கவாட்டுப் பார்வை சுருங்கியது. கடைசியில் எழுத்தும் போனது. இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். அதன் பிறகு, திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் டாக்பேக் என்ற ஆண்ட்ராய்டு போன் வசதியும் ஒரு வெள்ளைக்கோலும்தான் எனக்குத் துணை. புதிதாகப் பார்வை இழந்தவர்களின் வீட்டார் காரைக்குடிப் பக்கமிருந்து அடிக்கடி என்னைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

டாக்பேக்குக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம். அநேகமாக எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் செட்டிங்ஸுக்குள் இருக்கும். விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது என்ன என்று சொல்லும். இரண்டு தட்டு தட்டினால் திறக்கும். இந்த இரண்டும் கைக்கு வர எனக்கு மூன்று வாரம் ஆனது. முதல் வாரம் ஒரு அழைப்பை எடுக்கத் தெரியாமல் அழுதிருக்கிறேன். ஊரடங்கில் வீட்டிலிருந்த அண்ணன் மகன்தான் தினமும் அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தான். குரலின் வேகத்தை ஆரம்பத்தில் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். காது தானாகப் பழகும். இன்று நான் கேட்கும் வேகத்தில் அவனுக்கு ஒரு சொல்லும் பிடிபடுவதில்லை.

தமிழில் கேட்பது முழு நிறைவு என்று சொல்ல மாட்டேன். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் தட்டிய தமிழ் என்றால் கதை, செய்தி, சமையல் குறிப்பு எல்லாம் நன்றாகவே காதில் விழும். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ்தான் பெரும்பாடு. ஆங்கிலக் குரல் அதைப் பிடித்துக்கொண்டு எந்த மொழியிலும் சேராத ஏதோ ஒன்றை வாசிக்கும். அதைவிட மோசம் பழைய எழுத்துருக்கள். பாமினி என்ற எழுத்துருவில் ‘தமிழ்’ என்ற சொல் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். என் போன் அதை ‘ஜே கே பி ஓ செமிகோலன்’ என்று படிக்கும். வானவில் அவ்வையாரில் அடித்த ஆவணங்களும் இதே கதைதான். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. ஆனாலும் போன வருடம் ஓர் உதவித்தொகைக்காக எனக்கு வந்த விண்ணப்பத்தில் நாற்பது நிமிடம் இந்த ஜே கே பி-யைத்தான் கேட்டேன். கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண் படித்துக் காட்டினாள். என் வருமானம், என் நோய், எல்லாமே அவளுக்குத் தெரிந்துபோனது. அவள் நல்லவள்தான். ஆனால் அதெல்லாம் யாருக்குத் தெரியவேண்டும் என்பதை நான் அல்லவா முடிவு செய்திருக்க வேண்டும்?

பணம் எண்ணுவதில் நிலைமை எவ்வளவோ தேவலை. ரிசர்வ் வங்கியின் மணி செயலி 2020 ஜனவரியில் வந்தது. நோட்டைக் கேமராவுக்கு முன் பிடித்தால் எத்தனை ரூபாய் என்று சொல்லும், இணையமும் வேண்டாம். சந்தையில் நின்றுகொண்டு அதைத் திறக்க நேரம் இருக்காது என்பதால் விரலையும் பழக்கிவைத்திருக்கிறேன். புதிய நோட்டுகளின் இரண்டு ஓரத்திலும் மேடான சாய்கோடுகள் இருக்கும். நூறில் நான்கு, ஐந்நூறில் ஐந்து. இருநூறிலும் நான்குதான், ஆனால் நடுவே இரண்டு வட்டம். நோட்டு கசங்கிவிட்டால் கோடு தேய்ந்துவிடும். நூறுக்கும் இருநூறுக்கும் நீளத்தில் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், விரலால் அதைப் பிடிப்பது கஷ்டம். கடைகளில் ‘இத்தனை ரூபாய் பெறப்பட்டது’ என்று சத்தமாகச் சொல்லும் பெட்டி வந்த பிறகு எனக்கு நிம்மதி. அந்தச் சத்தம்தான் என் ரசீது.

வங்கிக் கணக்கைப் புதுப்பிக்கப் போனபோதுதான் மனது உடைந்தது. ஆள் நான்தானா என்று பார்க்க, வங்கிச் செயலி முகத்தை வட்டத்துக்குள் வைக்கச் சொன்னது, அப்புறம் கண் சிமிட்டச் சொன்னது. வட்டம் எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான்கு முறை முயன்று விட்டுவிட்டேன். ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் இதே குறையோடு உச்ச நீதிமன்றம் போயிருந்தார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, இருபது உத்தரவுகள் போட்டார்கள். அந்தச் செய்தியை இரண்டு முறை வாசிக்கவிட்டுக் கேட்டேன்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுடையது பழைய வளவு வீடு, நடுவில் முற்றம் வைத்துக் கட்டியது. வெள்ளைக்கோலுக்கு இந்த வீடு நல்ல வீடு என்பேன். ஆத்தங்குடிக் கல்லில் கோல் பட்டால் ஒரு சத்தம், முற்றத்துக் கருங்கல்லில் வேறு சத்தம், எந்த இடத்தில் நிற்கிறேன் என்று காதே சொல்லிவிடும். முற்றம் பள்ளமாக இருப்பதால் அதன் விளிம்பு நெடுக தேங்காய்நார் மிதியடி போட்டிருக்கிறோம். பாதம் சொரசொரப்பை உணர்ந்ததும் நின்றுவிடுவேன்.

அப்பச்சிக்குத்தான், அதாவது என் அப்பாவுக்குத்தான், இந்த வீடு சிறையாக இருந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு சக்கர நாற்காலி. வாசல் தெருவிலிருந்து மூன்றரை அடி உயரம். ஓர் அடி ஏற பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் சாய்தளக் கணக்கு. அப்படியானால் 42 அடி வேண்டும், தெருவில் அதற்கு இடம் ஏது? கொத்தனார் பத்தடியில் முடித்துவிடலாம் என்றார். அந்தச் சரிவில் நாற்காலியைத் தள்ளுகிறவரும் சேர்ந்து உருண்டுவிடுவார். கடைசியில் வழி பின்கட்டில் கிடைத்தது. இந்த ஊர் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. எங்கள் பின்வாசல் ஓர் அடிதான் உயரம். அங்கே பன்னிரண்டு அடிச் சாய்தளம் கட்டி, உள்ளே ஒவ்வொரு கட்டின் நிலைப்படிக்கும் மரக்கட்டையை ஆப்புபோலச் சீவி வைத்தோம். முன்வாசல் வழியாகப் போகாத குறை அப்பச்சிக்கு இன்னும் இருக்கிறது. ஆனாலும் சாயங்காலம் யாரையும் எதிர்பார்க்காமல் தெருவுக்குப் போய்விடுகிறார்.

இனி எனக்கு மிகவும் வலித்ததைச் சொல்கிறேன். எங்கள் குடும்பக் குழுவில் ஒரு நாளைக்கு ஐம்பது காலை வணக்கப் படம் வரும். போன் அவை எல்லாவற்றையும் ‘போட்டோ’, ‘போட்டோ’ என்று மட்டும் சொல்லும், நான் தள்ளிக்கொண்டே போவேன். 2022-ல் அப்படித் தள்ளிய ஒரு போட்டோ, தேவகோட்டை ஆச்சி தவறிய செய்தி. என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. கேதம் கேட்கப் போனபோது, ‘குழுவில் போட்டிருந்தோமே’ என்றார்கள். போட்டிருந்தார்கள்தான்.

அன்று இரவே அண்ணன் மகன் குழுவில் எழுதினான்: ‘அயித்தைக்குப் படம் கேட்காது. என்ன விஷயம் என்று கீழே ஒரு வரி தட்டிவிடுங்கள்.’ முதலில் இரண்டு பேர் செய்தார்கள். இப்போது பாதிப் பேர் செய்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை என்றால் நாள், முகூர்த்த நேரம், மண்டபம், மூன்றும் எழுத்தில் வந்துவிடுகின்றன. படத்தைப் பார்த்து விவரிக்கும் செயலிகளும் இப்போது உண்டு. டென்மார்க்கில் 2015-ல் தொடங்கிய பி மை ஐஸில் தன்னார்வலர்கள் வீடியோவில் பார்த்துச் சொல்வார்கள், 2023-லிருந்து செயற்கை நுண்ணறிவும் சொல்கிறது. மாத்திரை அட்டையின் தேதி பார்க்க எனக்கு அது பெரிய உதவி. ஆனால் பத்திரிகையின் வளைந்து நெளிந்த அலங்கார எழுத்தில் எந்தச் செயலியும் தடுமாறும். அனுப்புகிறவர் தட்டும் ஒரு வரியில் அந்தத் தடுமாற்றம் இல்லை.

போன் வாங்கப் போகிறவர்களுக்கு: விலை அதிகமானது தேவையில்லை, ஆனால் நினைவகம் குறைவானதை வாங்காதீர்கள், குரல் இழுத்து இழுத்து வரும். பவர் பட்டன் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். அப்புறம் வீட்டாருக்கு ஒன்று. முதல் மாதம் அவர் ஓர் எண்ணைக் கூப்பிடவே பத்து நிமிடம் எடுப்பார். போனைக் கையிலிருந்து வாங்கி நீங்கள் செய்து கொடுத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.