வயலோட மறைமுக வருமானத்தைக் கணக்குப் போடுற ஆப், மூணு ஸ்டார்

சுத்தி இருக்குற நிலமெல்லாம் பிளாட்டா மாறிட்டே வருது, சரி விளைச்சலைத் தாண்டி நம்ம நிலம் என்னதான் குடுக்குதுன்னு பாப்போமேன்னு இந்த ஆப்பை டவுன்லோடு பண்ணேன். மேப்ல வயலை வரைஞ்சா போதும், மண்ணு புடிச்சு வெக்கிற கார்பன், கீழ இறங்குற தண்ணி, தேனீ வந்து போறதுன்னு தனித்தனியா காட்டுது.

தேனீ கணக்குதான் செம. உலகத்தோட முக்கிய உணவுப் பயிர் வகைகள்ல 75 சதவீதத்துக்கு மேல கொஞ்சமாவது மகரந்தச் சேர்க்கை பண்ற பூச்சி, பறவைகளை நம்பித்தான் இருக்குன்னு 2016ல ஐபிபிஇஎஸ்ங்கற, பல்லுயிர் பத்தி ஆராயுற பல நாட்டு அரசுகளோட அமைப்பு விட்ட அறிக்கையே சொல்லுச்சு, ஆனா வரப்போரப் புதரை வெட்டுறப்போ யாருக்கு அது ஞாபகம் வருது? ஆப்ல அந்தப் புதரை மட்டும் அழிச்சுப் பாத்தேன், ஒட்டி இருந்த கட்டம் பச்சைல இருந்து சட்டுனு மஞ்சளாயிடுச்சு.

கடுப்பு என்னன்னா கடைசில எல்லாத்தையும் கூட்டி ஒரே தொகையா நீட்டுது. மகரந்தச் சேர்க்கையோட பலன் ஏற்கனவே விளைச்சல்ல வந்துருச்சே, அதை மறுபடி தனியா கூட்டினா ரெட்டைக் கணக்குதானே? 1997ல கோஸ்டான்சாங்கற சூழல் பொருளாதார ஆய்வாளரோட குழு, மொத்த பூமிலயும் இயற்கை செய்யுற சேவைகளோட மதிப்பு வருஷத்துக்கு சராசரியா 33 டிரில்லியன் டாலர்னு போட்டப்பவே கணக்கு முறை மேல பெரிய சண்டை நடந்துச்சு.

இன்னொண்ணு, அந்தத் தொகையை யாரும் நம்ம கைல குடுக்கப் போறதில்ல, ஆனா பிளாட் போடுறவர் நிலத்துக்குக் காசைக் கைலயே குடுப்பாரு. வரப்பு, மரம் எங்க விடலாம்னு பிளான் பண்ண மட்டும் யூஸ் பண்ணுங்க. ஆஃப்லைன்ல ஓடாது, வயல்ல நின்னு தொறந்தா வட்டம் சுத்திட்டே இருக்கு.